சனிக்கிழமை மிட்டாய்

“வேணாம். இன்னைக்குப் புதன்கிழமை” என்றாள் என் மகள் இனியா.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை அறை அது. அவளை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக அப்போதுதான் ஹெச்.எம். டீச்சர் சொல்லி முடித்திருந்தார். மேலே மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. சமையல்கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. நானும் என் வீட்டுக்காரர் சங்கரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரீட்சையில் பாஸான பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீர்த்திகா என்கிற ஒரு சிறுமி உள்ளே வந்தாள். அன்று அவளுக்குப் பிறந்தநாள். ரோஸ் கலர் கவுன், கழுத்தில் முத்துமாலை, தலை நிறையக் கனகாம்பரம், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய சாக்லேட். ஹெச்.எம். டீச்சருக்கு நீட்டினாள், எடுத்துக்கொண்டார். எங்களுக்கு நீட்டினாள், எடுத்துக்கொண்டோம். இனியாவிடம் நீட்டியதும் இவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்படி அறிவிப்பை வெளியிட்டாள்.

கீர்த்திகா விடவில்லை. “பரவால்ல, எட்த்துக்கோ. ரெண்டுகூட எட்த்துக்கோ” என்றாள்.

“புதன்கிழமை சாப்பிட மாட்டேன்.”

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, ஏதாவது விழுந்துகிடக்கிறதா என்பதுபோல் உள்ளே பார்த்தாள். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர் நீட்டுகிற பண்டத்தை வாங்காமல் கையைக் கட்டிக்கொள்வது லேசுப்பட்ட விஷயமில்லை. யார் யார் கையால் வாங்க மாட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து நொந்துபோனவர்கள் வாழ்கிற தெரு அந்தப் பள்ளிக்கூடத் தெரு. நானும் அதே தெருவில் பிறந்தவள்தானே, எனக்கா தெரியாது?

அது என்ன கிழமைக் கணக்கு?

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு எங்கள் ஸ்வீடன் வாசம் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரின் கம்ப்யூட்டர் வேலை எங்களை அந்த நாட்டின் ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய்ப் போட்டது. இனியா பிறந்தது, நடந்தது, பல் முளைத்தது, அந்தப் பல் விழுந்தது எல்லாம் அங்கேதான்.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த ஊரில் குழந்தைகள் மிட்டாய் சாப்பிடுவது சனிக்கிழமை மட்டும்தான். பல் கெட்டுப்போகக் கூடாதென்று என்றைக்கோ ஆரம்பித்த வழக்கமாம். சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய், ஒரு காகிதப் பையில் வேண்டிய மிட்டாயை வேண்டிய நிறத்தில் அள்ளிக்கொள்ளலாம். மற்ற ஆறு நாளும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஊர்க் குழந்தைகளே இந்த விஷயத்தில் அங்கே இங்கே தில்லுமுல்லு செய்வார்கள். நம்முடையது செய்யாது. ஒரு செவ்வாய்க்கிழமை கோட்டுப் பாக்கெட்டில் பழைய மிட்டாய் ஒன்று கிடைத்தபோது, அதைத் தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை வரை காவல் காத்த புண்ணியவதி அவள்.

நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இனியாவைப் பொறுத்தவரை அவள் வெளிநாட்டுக்குக் குடிவந்திருந்தாள். பக்கத்து ஃபிளாட்காரர்கள் விசாரித்தால், “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயிடுவோம்” என்று அவளே பதில் சொல்லிவிடுவாள்.

போகவும் வழி இருந்தது, அதுதான் வம்பு. சங்கரின் பழைய ஆபீஸ் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இனியாவைக் கேட்போம், அவள் சொல்வதுதான் முடிவு என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம். ஏழு வயசுப் பெண் என்ன சுப்ரீம் கோர்ட்டா என்று கேட்டேன்.

“அவ வாழ்க்கையும்தான அமுதா? அவளயும் கேக்கணும்லா” என்றார். சங்கரன்கோவில்காரர். நான் எவ்வளவு கத்தினாலும் அவர் குரலை உயர்த்தமாட்டார், அதுவே பாதி எரிச்சல்.

எனக்குத் திரும்பிப் போக இஷ்டமில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற குளிர்காலங்களில் ஜன்னலோரம் நின்று, ‘இன்னாக்கா, எப்டிக் கீறே?’ என்று யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அதற்காக அழுகிற குழந்தையை இங்கே கட்டிப்போடவும் மனசு வரவில்லை. அவள் இந்தப் பள்ளியில் ஒட்டிக்கொண்டால் இருப்போம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டுவோம். அவ்வளவுதான் கணக்கு.

சுற்றும் நாற்காலி

இந்தப் பள்ளிக்கு முன்னால் ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். பெயர் வேண்டாம். பிள்ளைக்கு இடம் கேட்டால் அப்பா அம்மாவுக்கு நேர்முகத் தேர்வு வைக்கிற ரகம். கல்யாணத்தன்றுகூட ஷூவுக்குப் பாலிஷ் போடாத மனிதர் அன்று போட்டார்.

தாளாளர் அம்மாள் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இனியாவிடம் பெயர் கேட்டார், சொன்னாள். பதிலுக்கு இவள் அவர் பெயரைக் கேட்டாள். அவருக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே விஜயலட்சுமி என்றார்.

“விஜயலட்சுமி, உங்க நாற்காலி சுத்துமா?” என்றாள் இனியா.

சங்கருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. அந்த ஊரில் டீச்சரானாலும் டாக்டரானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அங்கே அது மரியாதைக் குறைவில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க அந்த அம்மாளின் சிரிப்பு உதட்டிலிருந்து வடிந்துபோனது. இரண்டு நாள் கழித்து, இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று போன் வந்தது. நாற்காலி சுற்றுமா சுற்றாதா என்பது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் ‘டீச்சர்’ பயிற்சி. பால்காரர் டீச்சர், லிஃப்ட் ரிப்பேர்காரர் டீச்சர், சோறு போட்டால் நானும் டீச்சர். அந்தப் பயிற்சியின் பலனாகத்தான் கள்ளிக்குப்பம் பள்ளியில் நுழைந்ததும், “வணக்கம் டீச்சர்” என்று கணீரென்று சொன்னாள். கண்டம் தாண்டியது என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில்தான் சாக்லேட் டப்பா வந்தது.

பெருமாள் வந்தார்

“புதன்கிழமை சாப்பிட்டா என்னம்மா?” என்று ஹெச்.எம். டீச்சர் அன்பாகத்தான் கேட்டார்.

“சனிக்கிழமை மட்டும்தான் இனிப்பு சாப்பிடுவேன், டீச்சர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேசைமேல் சின்னதாக ஒரு பெருமாள் படம், அதற்குக் கொஞ்சம் துளசி. எனக்கு அடுத்து என்ன வரப்போகிறதென்று புரிந்துவிட்டது.

“பெருமாளுக்கு வேண்டுதலா?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் சங்கர் என் காலை ஒரு மிதி மிதித்தார். நான் வாயை மூடுவதற்குள் டீச்சர் எங்கேயோ போய்விட்டார். அவரும் சனிக்கிழமை ஒருபொழுதாம். அவர் பெற்ற இரண்டும் சனிக்கிழமையானால் பிரியாணிக் கடைக்கு ஓடுகின்றனவாம். அந்நிய தேசத்தில் பிறந்த குழந்தை பெருமாளுக்குப் படைக்காமல் ஒரு மிட்டாயைத் தொடுவதில்லை என்றால் அது என்ன வளர்ப்பு என்று உருகினார். கீர்த்திகாவைப் பார்த்து, பாப்பாவுக்கு விரதம், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே என்றும் சமாதானம் சொல்லி அனுப்பினார். கீர்த்திகா தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது அவள் போன போக்கிலேயே தெரிந்தது.

நாம் பொய் எதுவும் சொல்லவில்லையே, அவர்களாகவே நினைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது என்று வழியெல்லாம் சட்டம் பேசிக்கொண்டு வந்தார் சங்கர்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் டீச்சர் இனியாவை மேடைக்குக் கூப்பிட்டு, பெருமாள் பாட்டு ஒன்று பாடச் சொல்லியிருக்கிறார். இவள் தனக்குத் தெரிந்ததைப் பாடியிருக்கிறாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் குதிப்பதைப் பற்றி அந்த ஊர் பாலர் வகுப்பில் பாடுகிற பாட்டு அது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, என்ன மொழி என்று விசாரித்தாராம். ஸ்வீடன் பாட்டு என்றாளாம். பெருமாளுக்கு எல்லா பாஷையும் தெரியும் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டாராம்.

இதை எங்களிடம் சொன்னபோது சங்கர் விழுந்து விழுந்து சிரித்தார். இனியா சிரிக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு அவள் போய் உட்கார்ந்த பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். விரதக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வரிசையாக எல்லோருக்கும் உடைத்துக் கொடுத்துக்கொண்டே வந்து, இவளை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாள்.

“முறுக்கு இனிப்பு இல்லையேம்மா. எனக்கு ஏன் தரல?” என்று கேட்டாள்.

பிறகு எப்போது வீட்டுக்குப் போவோம் என்றாள். இதுதான் கண்ணு நம்ம வீடு என்றேன். “இல்ல, நெஜ வீட்டுக்கு” என்றாள்.

பால் பூத் பஞ்சாயத்து

அன்று சாயங்காலமே பால் பூத்தில் தேவியைப் பார்த்தேன். கீர்த்திகாவின் அம்மா. அதே பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்த காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். பார்த்தால் பத்து நிமிஷமாவது நிறுத்திப் பேசுகிறவள், அன்று என்னைப் பார்த்ததும் பால் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகரப் பார்த்தாள். நான்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சத்தமே போடாமல்தான் கேட்டாள். “ஏன்க்கா, எங்க ஊட்டுப் புள்ள குட்த்தா உங்க பொண்ணு துண்ணாதா?”

அவள் நாலு பேருக்கு முன்னால் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்வீடன், பல், சனிக்கிழமை, காகிதப் பை, கோட்டுப் பாக்கெட் மிட்டாய், ஒன்று விடவில்லை. பெருமாள் வந்த கதையையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் பாலை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பல்லுக்காவா?” என்றாள். “நான் வேற இன்னாமோ நெனச்சிகினேன்க்கா. ராத்திரி புல்லா தூக்கமே இல்ல.”

அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பூத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் பெருமாளை எதற்கு இழுத்து வந்தீர்கள் என்று கேட்டாள். நான் எங்கே இழுத்தேன், அவராக வந்து நின்றார் என்றேன். சரி, கீர்த்திகாவிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். தேவி சமாதானமானதே எனக்குப் போதுமாக இருந்தது. பிள்ளைகள் சமாதானமாவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்த இனியா பையை மூலையில் போட்டுவிட்டுப் படம் வரைய உட்கார்ந்துவிட்டாள். நான் பயத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

காலிங் பெல்

சனிக்கிழமை காலை. பள்ளி கிடையாது. இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றியிருந்தேன், காலிங் பெல் விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் ஐந்து உருப்படிகள். முன்னால் கீர்த்திகா. எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வழிகிறது, எல்லோருடைய வலது கையும் இறுக மூடியிருக்கிறது.

“ஆன்ட்டி, இன்னிக்கு சனிக்கெழமதான?” என்றாள் கீர்த்திகா.

ஆமாம் என்றேன். திமுதிமுவென்று உள்ளே வந்து ஹாலில் வட்டமாக உட்கார்ந்துகொண்டார்கள். இனியா பல் துலக்கின நுரையோடு வந்து நின்றாள். மூடியிருந்த கைகள் திறந்தன. பிறந்தநாள் சாக்லேட், தேன் மிட்டாய், கடலை மிட்டாய். வியாழக்கிழமை ராத்திரி கீர்த்திகா தெரு முழுக்கச் சேதி சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து ஒருவரும் இனிப்பைத் தொடாமல், இனியாவோடு சேர்ந்து தின்பதற்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வெயிலில் சாக்லேட்டெல்லாம் இளகி, உள்ளங்கை வடிவத்துக்கு வந்துவிட்டிருந்தது.

“ரெண்டு நாளா பொறுத்துகினே கீறேன் ஆன்ட்டி. பேஜாரா பூட்ச்சு” என்றான் பிரவீன் என்ற பையன்.

மோனிஷா என்றொரு குட்டிப் பெண், முன்பல் இரண்டும் இல்லை, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை தன்னுடையதை ஒரே ஒரு தடவை நக்கிவிட்டாளாம். இப்போது அவளும் சாப்பிடலாமா கூடாதா என்பது பிரச்சினை. ஐந்து பேரும் தீர்ப்புக்காக இனியாவைப் பார்த்தார்கள். அவள் கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்தாள்.

“நக்கினா பரவாயில்ல” என்றாள்.

அதோடு எல்லோரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள். வாயில் மிட்டாயோடு சட்ட விவாதம் தொடர்ந்தது. தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தால்? கல்யாண வீட்டுப் பாயசம்? கோயிலில் கொடுக்கிற சக்கரைப் பொங்கல்? பொங்கல் என்பது சோறு, அது மிட்டாய்க் கணக்கில் வராது என்று இனியா விளக்கம் கொடுத்தாள். சங்கர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் குலுங்கியது.

பிறகு அவளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிறேன் என்று என்னிடம் சொல்லக்கூட இல்லை. தண்ணீர் லாரி வந்து போகிற இடத்துச் சேற்றில் எல்லாமுமாகக் குதித்துக்கொண்டிருந்ததைப் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை

மறுநாள் சாயங்காலம் சங்கர் அவளைச் சோபாவில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு முன்னால் லேப்டாப். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், காது மட்டும் ஹாலில் இருந்தது.

மனிதர் எவ்வளவு நியாயமாகப் பேசினார் தெரியுமா? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அங்கே பனி இருக்கிறது, உன் சறுக்கு வண்டி இருக்கிறது, பழைய தோழி இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். இங்கே வெயில், கொசு, கரண்ட் போகும் என்பதையும் மறைக்கவில்லை. பனியைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால்தான் என்ன, குறைந்தா போய்விடும்? நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும், உனக்கு என்ன தோன்றுகிறதோ சொல் என்று முடித்தார்.

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

“செவ்வாய்க்கிழமை முடியாதுப்பா” என்றாள் இனியா. “மோனிஷாவுக்குப் பர்த்டே. எல்லா கிளாஸுக்கும் போய் சாக்லேட் கொடுக்கணும். கூட என்னைத்தான் கூப்பிட்டிருக்கா.”

நம் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். பிறந்தநாள் பிள்ளை மற்ற வகுப்புகளுக்கு சாக்லேட் கொண்டுபோகும்போது துணைக்கு ஒரே ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகலாம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போகலாம். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வகுப்பு முழுக்க, ‘நான் வரேண்டி, நான் வரேண்டி’ என்று பின்னாலேயே சுற்றும். கூப்பிடப்படுகிறவள்தான் உயிர்த்தோழி என்று அன்றைக்கு ஊரறிய முடிவாகிவிடும். புதன்கிழமை கீர்த்திகாவுக்குப் பின்னாலும் ஒருத்தி நின்றிருப்பாள், எங்கள் பதற்றத்தில் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம்.

எதனால் உன்னைக் கூப்பிட்டாள் என்று கேட்டார் சங்கர்.

“டப்பாவை என்கிட்ட குடுத்தா நான் வழியில எடுத்துத் தின்ன மாட்டேனாம். போன வருஷம் பிரவீன் அஞ்சு தின்னுட்டானாம்.”

“சரி, செவ்வாய்க்கெழமைக்கு அப்புறம்?”

“அடுத்த வாரம் இன்னொருத்திக்கு வருது. அவளும் என்னையே கூப்பிடலாமான்னு யோசிக்கிறா” என்று சொல்லிவிட்டு இறங்கி விளையாடப் போய்விட்டாள்.

சங்கர் லேப்டாப்பைத் திறந்து தட்ட ஆரம்பித்தார். வர இயலாமைக்கு வருந்துகிறேன் என்று எழுதியிருக்கிறேன், சரிதானே என்று அங்கிருந்தே கேட்டார். தோசை கரிந்து புகை வந்ததும் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.

“அதான் இங்கயே இருக்கப் போறோம்லா. இப்பம் எதுக்கு அழுத?” என்றார்.

“அதே பள்ளிக்கூடத்துல அஞ்சு வருஷம் படிச்சேங்க” என்றேன். “என்னை ஒருத்திகூட ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்ல.”